மானமும் மனமும்

டோம்பிவிலி நிலையத்தில் காலை நேரத்து மின்வண்டியில் ஏறிய எவரும் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒருவர் செய்தித்தாளை நான்காக மடித்துப் படிக்கிறார். ஊரில், திருநெல்வேலிப் பக்கத்திலோ சேலத்துப் பக்கத்திலோ, வேறு சாதியில் மணம் புரிந்த இளைஞன் ஒருவனைப் பெண்வீட்டார் வெட்டிக் கொன்றனர் என்பது செய்தி. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "கொன்றது தப்புத்தான், ஆனாலும் பெற்றவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?" இருவரும் நல்லவர்கள். ஓர் எறும்பையும் மிதிக்கத் தயங்குகிறவர்கள். எனினும் அந்த 'ஆனாலும்' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது.

அந்த ஒரு சொல்லின் வரலாறுதான் இன்றைய பேச்சின் பொருள். மானத்தின் பெயரால் கொலை செய்கிறவன் ஒருவன். அதைக் கேட்டு 'ஆனாலும்' என்கிறவர் பலர். கொலைகாரனைப் பற்றி நீதிமன்றங்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. அந்தப் பலரைப் பற்றி நாம் சிந்தித்தது குறைவு. எத்தகைய மனப்பாங்குடையவர் இத்தகைய கொலையை மன்னிக்கின்றனர்? அப்பாங்கு பிறவியில் அமைந்ததா, வளர்ப்பில் வந்ததா, ஊராரின் வாய்க்கு அஞ்சி ஏற்பட்டதா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கௌரவக் கொலை' என்று முன்பு பத்திரிகைகள் எழுதிவந்தன. கொலையில் கௌரவம் ஏது என்ற கேள்வி எழவே, 'ஆணவக் கொலை' என்னும் சொல் அண்மைக் காலத்தில் தமிழில் நிலைபெற்றுவிட்டது. இது வெறும் சொல் மாற்றமன்று, தீர்ப்பு மாற்றமுமாகும். திருக்குறளில் மானம் என்றே ஓர் அதிகாரம், 97-ஆம் அதிகாரமாக, அமைந்திருக்கிறது. அதனைப் படிப்போர் ஒன்றை உணரலாம். வள்ளுவர் கூறும் மானம் ஒருவன் தன் செயலில் தாழாதிருத்தல். அதற்கு விலை கொடுக்க நேர்ந்தால் அவன் தன் உயிரையே கொடுக்கிறான். பிறர் உயிரை வாங்கித் தன் மானத்தை நிறுத்திக்கொள்ளும் வழி அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை.

நாட்டுப்புற மரபும் இதற்குச் சான்று பகர்கிறது. காத்தவராயன் கதை தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் உடுக்கைப் பாட்டிலும் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. உயர்குலத்து ஆரியமாலாவை விரும்பிய குற்றத்துக்காக அவன் கழுவேற்றப்படுகிறான். கதை அங்கே முடிவதில்லை. கழுவேறியவன் தெய்வமாகிறான், அவனுக்குப் படையலும் பூசையும் நடக்கின்றன. கழுவேற்றிய அரசனுக்குக் கோயில் இல்லை. தவறு நடந்தது என்பதை ஊர் அறிந்திருந்தது. நடக்கும்போது தடுக்கும் துணிவு இல்லாத ஊர், நடந்த பின் பொங்கல் வைத்தது. 'ஆனாலும்' என்ற சொல்லின் பழைய வடிவம் இதுவே எனலாம்.

இனி மும்பைக்கு வருவோம். மானத்தின் பெயரால் நடந்த கொலையை இந்நகரம் எவ்வாறு நோக்கியது என்பதற்கு 1959-ஆம் ஆண்டின் நானாவதி வழக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தம் மனைவிக்கும் பிரேம் அகுஜா என்னும் வணிகருக்கும் இருந்த உறவை மனைவியின் வாயாலேயே அறிந்தார். பிற்பகலில் மனைவியையும் குழந்தைகளையும் திரைப்படக் கொட்டகையில் விட்டார். தம் கப்பலுக்குச் சென்று, வேறு காரணம் கூறிக் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்றார். அகுஜாவின் அலுவலகத்தில் அவரைத் தேடினார்; அங்கே காணாமல் வீட்டுக்குச் சென்று சுட்டார். பின்னர்க் காவல்துறையிடம் தாமே சரணடைந்தார்.

அமர்வு நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரர்கள் அமர்ந்திருந்தனர். எட்டுப்பேர் குற்றமற்றவர் என்றனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். இத்தீர்ப்பை ஏற்க மறுத்த நீதிபதி, வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர்நீதிமன்றம் நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது, ஊரின் மனநிலை. 'பிளிட்ஸ்' வார இதழ் வாரந்தோறும் நானாவதியை மானங்காத்த வீரராகச் சித்திரித்தது. நீதிமன்ற வாசலில் மக்கள் திரண்டனர். பெண்களும் அவருக்காகப் பரிந்து பேசினர். அப்போது பம்பாய் மாநில ஆளுநராக இருந்தவர், முன்பு சென்னை மாநிலத்திலும் அப்பதவியை வகித்த ஸ்ரீபிரகாசர். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த 1960 மார்ச்சிலேயே அவர் தண்டனையை நிறுத்திவைத்து ஆணையிட்டார். பின்னர் 1964-இல், அப்போது ஆளுநராயிருந்த விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்கினார்.

சட்டம் கேட்ட கேள்வி எளியது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான சினமூட்டலால் தன்னடக்கம் இழந்து செய்த கொலைக்குச் சலுகை அளித்தது. நானாவதி வீட்டைவிட்டுப் புறப்பட்டது பிற்பகல் ஒன்றரை மணி. சுட்டது நான்கு மணி இருபது நிமிடம். இடையிலே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கொட்டகைக்குப் போக நேரமிருந்தது. பொய்க்காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்க நிதானமிருந்தது. சினம் ஆறுவதற்கு இது போதாதா என்று கேட்டது உச்சநீதிமன்றம். போதும் என்பதே அதன் விடை.

ஜூரர் எண்மரும் வீதியில் நின்ற கூட்டமும் இதே காலக்கணக்கைக் கேட்டவர்களே. அவர்களுக்கு அது பொருட்டாகப் படவில்லை. கொன்றவர் நல்ல உத்தியோகஸ்தர், சீருடை அணிந்தவர், குடும்பத் தலைவர். கொல்லப்பட்டவர் குடும்பத்துக்குள் புகுந்தவர். இந்தச் சித்திரம் மனத்தில் எழுந்தவுடன் கடிகாரம் மறைந்துவிட்டது. முறையை மீறியவன் தண்டனை பெற்றான் என்ற திருப்தி, தண்டனை அளிக்க எவருக்கு உரிமை என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2004 மே மாதத்தில், மும்பைப் புறநகர்ப் பகுதியில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. உத்தரப் பிரதேசத்து அந்தணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கேரளத்து ஈழவ இளைஞனைக் காதலித்து மணந்தாள். அவளுடைய அண்ணன் துணைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு இரவில் அவ்வீடு புகுந்து, கணவன், மாமனார் உட்பட நால்வரைக் கொன்றான். அமர்வு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மும்பை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2009 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை 25 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது.

அத்தீர்ப்பு குற்றத்தை மறுக்கவில்லை. தண்டனையைக் குறைப்பதற்கு அது கூறிய காரணமே சிந்திக்கத்தக்கது. தங்கை சாதி மாறி மணந்தால் ஊர் அண்ணனைத்தான் குறைகூறுகிறது. ஏன் தடுக்கவில்லை என்று அவனையே கேட்கிறது. சாதி உணர்ச்சி பிறப்புக்கு முன்பே பிடித்து இறப்புக்குப் பின்பும் விடுவதில்லை. அந்தத் தவறான உணர்ச்சிக்கு அவன் இரையானான் என்னும் கருத்துப்படத் தீர்ப்பு அமைந்தது. மின்வண்டியில் கேட்ட 'ஆனாலும்' நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்திலும் ஒலித்தது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 2011 மே மாதத்தில், டெல்லி வழக்கொன்றில், அதே உச்சநீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, மானத்தின் பெயரால் நிகழும் கொலைகள் அரிதினும் அரிய குற்றங்களின் வகையைச் சேர்ந்தவை என்றும், அவற்றில் மானம் என்பது எள்ளளவும் இல்லை என்றும் அறிவித்தது. இரண்டாண்டுகளுக்குள் ஒரே காரணம் தண்டனையைக் குறைக்கவும் கூட்டவும் எடை போடப்பட்டது. மரணதண்டனை தகுமா என்பது வேறு விவாதம். ஊர்வாய்க்கு அஞ்சியது ஒரு குற்றவாளிக்குச் சலுகையா, அல்லவா என்பதுதான் இங்கே கேள்வி.

இனி, ஊர்வாய் எவ்வாறு ஒருவன் மனத்துள் குடிபுகுகிறது என்பதை ஆராய்ந்த அறிஞர்களைப் பார்ப்போம். இரண்டாம் உலகப்போரின் கொடுமைகளைக் கண்ட பின்னர், சாதாரண மக்கள் கொடுமைக்கு எவ்வாறு உடன்பட்டனர் என்ற கேள்வி அறிஞர்களை வாட்டியது. 1950-இல் அடோர்னோவும் அவருடைய துணைவர் மூவரும் அமெரிக்காவில் 'அதிகாரச் சார்பு ஆளுமை' பற்றிய பெருநூலை வெளியிட்டனர். கண்டிப்பும் அடியும் மிகுந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, மேலோருக்குப் பணிந்து, அப்பணிவில் எழும் கோபத்தை எளியோர்மீதும் முறைமீறியோர்மீதும் செலுத்துகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் கையாண்ட வினாத்தாளில் குறைகள் இருந்தன. எதற்கும் 'ஆம்' என்று சொல்லும் பழக்கமுடையவரையும் அது அதிகாரச் சார்பினர் என்று எண்ணிவிட்டது. 1981-இல் கனடாவின் பாப் ஆல்ட்மேயர் அதனைச் செப்பனிட்டு மூன்று கூறுகளை மட்டும் நிறுத்தினார்: தலைமைக்குப் பணிதல், தலைமை ஒப்பும் இடத்தில் வன்மை காட்டல், வழக்கத்தை இறுகப் பற்றல். மானக் கொலையை மன்னிக்கும் மனத்தில் இம்மூன்றும் ஒருங்கே நிற்பதைக் காணலாம்.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. பிரிவினைக் காலத்துக் கலவரங்களுக்குப் பின், இந்திய அரசின் வேண்டுகோளின்பேரில் யுனெஸ்கோ அமைப்பு 1950-இல் கார்டனர் மர்பி என்னும் அமெரிக்க உளவியலாரை இங்கே அனுப்பியது. அவர் இந்திய அறிஞர்களோடு சேர்ந்து சாதி, சமயப் பகைமைகளின் மனவேர்களை ஆராய்ந்து, 1953-இல் நூலாக வெளியிட்டார்.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய ஆராய்ச்சி ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மானில் நடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் எண்ணூற்றுக்கு மேற்பட்டோரிடம் வினவி, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர், மாணவியரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர், குடும்ப மானத்துக்காகப் பெண்ணைக் கொல்வது சில நிலைகளில் தகும் என்றனர். இதில் வியப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. சமயப்பற்று மிகுந்தவர் மிகுதியாக ஆதரித்தார், குறைந்தவர் குறைவாக ஆதரித்தார் என்ற தொடர்பு காணப்படவில்லை. பெண் ஆணுக்கு அடங்கியவள் என்ற எண்ணம், கற்பைக் குடும்பச் சொத்தாகக் கருதும் போக்கு, பொதுவாகவே வன்முறைக்குச் சமாதானம் தேடும் பழக்கம் ஆகியவையே ஆதரவோடு சேர்ந்து நின்றன. ஆண்பிள்ளைகளிடத்தில் தந்தையின் கடுமையான தண்டனையும் அதனோடு சேர்ந்தது.

'சமாதானம் தேடும் பழக்கம்' என்பதைச் சற்று விளக்க வேண்டும். பள்ளியில் ஒருவனை அடித்துவிட்டு, 'அவன்தான் வம்புக்கு வந்தான்' என்று தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சிறுவன் இப்பழக்கத்தைத் தொடங்குகிறான். பெரியவனான பின் அதே வாய்ப்பாடு பெரிய குற்றத்துக்கும் பொருந்துகிறது. 'அவள்தான் குடும்பத்தைத் தலைகுனிய வைத்தாள்' என்பது அதன் முதிர்ந்த வடிவம். ஆகவே கொலையை மன்னிக்கும் மனம் கொலைச் செய்தியைக் கேட்ட அன்று பிறப்பதில்லை. அது வீட்டுக் கூடத்திலும் வகுப்பறையிலும் சிறுகச் சிறுக உருவாகிறது.

ஆளுமை மட்டுமே விடையன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1996-இல் நிஸ்பெட், கோஹன் என்னும் இரு அமெரிக்கர் தம் நாட்டுத் தென்பகுதியின் மானப் பண்பாடு பற்றி ஒரு நூல் எழுதினர். மாணவர்களை வேண்டுமென்றே இடித்து, வசைச்சொல் கூறச் செய்து சோதித்தனர். வடக்கே வளர்ந்தோர் பெரும்பாலும் சிரித்து விலகினர். தெற்கே வளர்ந்தோர் உடலிலேயே பதற்றத்தின் அறிகுறிகள் உயர்ந்தன. தம்மை அவமதித்ததைக் கண்டவர் தம்மைப்பற்றி என்ன எண்ணுவாரோ என்ற கவலையும் அவர்களிடம் மிகுந்திருந்தது. காண்பவர் கண்தான் மானத்தின் அளவுகோல். காண்போர் முகம் சுளித்தால் கத்தி உறைக்குள் போகும். தலையசைத்தால் வெளியே வரும்.

இதனைத் தமிழ்நாட்டு வழக்குகள் மெய்ப்பிக்கின்றன. 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகி, முருகேசன் என்னும் படித்த இளம் தம்பதியர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். இருட்டில் ஒளிந்து செய்த காரியமன்று அது. ஊர் அறியவே நடந்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வருவதற்கு 2021 செப்டம்பர் ஆயிற்று. உறவினரோடு காவல்துறையைச் சேர்ந்தவர்களும் தண்டனை பெற்றனர். பெண்ணின் சகோதரனுக்கு விதித்த மரணதண்டனையை 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையாக மாற்றியது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தண்டனைகளை நிலைநிறுத்தியது. கண்டவர் பலர், சொல்ல வந்தவர் சிலர். இருபத்திரண்டு ஆண்டுக் காலத்தின் பெரும்பகுதியை ஊரின் மௌனம்தான் விழுங்கியது.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பொறியியல் மாணவர் சங்கரும் அவர் மனைவி கௌசல்யாவும் தாக்கப்பட்டனர். சங்கர் உயிரிழந்தார். 2017-இல் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரணதண்டனை விதித்தது; 2020-இல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவர் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கௌசல்யா நீதிமன்றத்தில் தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி கூறினார். பின்னர்ப் பொதுமேடைகளிலும் சாதிக்கு எதிராகப் பேசினார். ஒரே வீட்டில், ஒரே சாதியில், ஒரே வளர்ப்பில் வந்தவர்களிடையே இவ்வளவு வேறுபட்ட மனங்கள் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பண்பாடு ஒருவனை வளைக்கிறது, முற்றும் கட்டிவிடுவதில்லை.

இதற்கு எதிரான வரலாறும் உண்டு. அதுவும் மும்பையோடு தொடர்புடையதே. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளைஞராயிருந்த அம்பேத்கர், அகமணமே சாதியின் உயிர்நாடி என்று காட்டினார். 1936-இல் லாகூரில் ஆற்ற முடியாமற்போன உரையைப் பம்பாயிலிருந்து தாமே அச்சிட்டு வெளியிட்டார். சாதி ஒழியக் கலப்புமணமே உண்மையான மருந்து என்றார். சட்டமும் மெல்ல அவ்வழி சென்றது. 1949-இல் இந்துக்களிடையே சாதி கடந்த மணம் செல்லும் என்று விதித்தனர். 1954-இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. 1967-இல் தமிழகச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், வயதுவந்த இருவர் மணத்தில் எந்தச் சாதிக்கூட்டமும் தலையிட உரிமையில்லை என்று கூறி, அச்சுறுத்தப்படும் தம்பதியருக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவுகளும் அமைக்கக் கட்டளையிட்டது. ஒருவரை ஊர்விலக்கு வைப்பதைக் குற்றமாக்கி 2016-இல் மகாராஷ்டிரச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தைவிட ஒரு திருமணம் அதிகம் கற்பிக்கிறது. இராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பினர். பெண் அந்தணக் குலம். பிள்ளை வணிகர் குலம். அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று. தந்தையர் இருவரும் உடனே இசையவில்லை. ஐந்தாண்டுகள் பிரிந்திருந்து, அன்பு மாறாதிருந்தால் மணக்கலாம் என்றனர். இளையோர் காத்திருந்தனர். 1933 ஜூன் மாதத்தில் புனாவில் திருமணம் நடந்தது. அத்தந்தையருக்கும் தயக்கம் இருந்தது. ஊர்வாய் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் தம் தயக்கத்துக்குப் பிள்ளைகளின் உயிரை விலையாகக் கேட்கவில்லை. காலத்தை மட்டுமே கேட்டனர். மூன்று மணி நேரத்தில் சினம் ஆறவில்லை என்று வாதாடியவர்களுக்கும், ஐந்தாண்டு பொறுத்துத் தம் மனத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கும் உள்ள தூரமே ஆளுமையின் தூரம்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், பின்னர் டோம்பிவிலியிலும் குடியேறிய தமிழர், ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்தவர். ஒரே மாடிக்கட்டடத்தில் பல சாதியாரும் பல மொழியாரும் ஒரே நீர்த்தொட்டித் தண்ணீரைக் குடிக்கின்றனர். பிள்ளைகள் ஒரே பள்ளியில் பயில்கின்றனர். ஒரே வண்டியில் வேலைக்குப் போகின்றனர். அவர்களில் இருவர் ஒருவரையொருவர் விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும் பெண் பார்க்கும் நாள் வந்தவுடன் சொந்த ஊரின் தெருவும் பங்காளிகளும் கண்முன் வந்து நிற்கின்றனர். 'ஊரில் தலைகாட்ட முடியுமா?' என்ற கேள்வி ஆயிரம் மைல் கடந்து வந்து கூடத்தில் உட்காருகிறது.

அந்த ஊர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு ஊராக இருப்பவர் பிறர். பிறருக்கு ஊராக இருப்பவர் நாம். கலங்கி நிற்கும் தந்தை ஒருவர், அண்டைவீட்டாராகிய நம் முகத்தைப் பார்க்கிறார். நாம் அனுதாபம் என்று எண்ணிச் சொல்லும் ஒரு சொல், 'உங்களுக்கு இப்படி ஒரு தலைக்குனிவு வந்திருக்க வேண்டாம்' என்பது, அவர் காதில் கட்டளையாக விழக்கூடும். 'பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும், நல்ல நாள் பார்த்து நாங்களும் வருகிறோம்' என்ற சொல் ஒரு வீட்டைக் காப்பாற்றக்கூடும். மானம் காண்பவர் கண்ணில் இருக்கிறதென்றால், அதை மாற்றும் வலிமையும் அக்கண்ணுக்கே உண்டு.

நாளைக் காலை மின்வண்டியில் யாரேனும் அத்தகைய செய்தியைப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கலாம். கொன்றது தப்பு என்று சொல்வோம், அவ்வளவோடு நிறுத்துவோம். 'ஆனாலும்' என்ற சொல்லை மட்டும் சேர்க்காதிருப்போம்.